நம்பிப் பின்னால் வரலாம்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து, உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரை அடைவதற்குச் சற்று முன்னதாக, இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரின் பெயரைச் சொன்னால் இன்று பலருக்கும் கார்த் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். ஆனால் அத்தொழிற்சாலை எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1990-ஆம் ஆண்டில், அங்கே ஒரு மோட்டார்ப் பந்தயத் தளம் திறக்கப்பட்டுவிட்டது. 3.717 கிலோமீட்டர் நீளமும் பன்னிரண்டு வளைவுகளும் கொண்ட அந்தத் தளத்தின் ஓரத்தில், சென்ற ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி வடகிழக்குப் பருவமழை இறங்கும் வரையில், ஐந்து சனி ஞாயிறுகளை நான் கழித்தேன். வேகத்தில் எனக்கு எந்நாளும் அபிமானம் இருந்ததில்லை. என்னை அங்கே இழுத்துச் சென்றது என் தங்கை மகன்மீது கொண்ட கவலையே. கவலையோடு போன நான் எதைக் கற்றுக்கொண்டு திரும்பினேன் என்பதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அவனுக்கு வயது இருபத்திரண்டு. பொறியியல் படித்து முடித்து ஒரு நல்ல வேலையிலும் அமர்ந்துவிட்டவன். மோட்டார் சைக்கிளைத் தவிர வேறு எதன்மீதும் பெரிதாக ஆசை வைக்காதவன். அவன் வண்டியின் பின்னால் நான் ஒரே ஒரு முறைதான் உட்கார்ந்திருந்தேன். கிண்டியிலிருந்து தாம்பரம் வரை சென்ற அந்தப் பிரயாணத்தில், பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே தென்பட்ட சந்துகளிலெல்லாம் அவன் நுழைந்து வெளிப்பட்ட விதத்தைக் கண்டு, அவனுடைய தோளை நான் பற்றிய பற்றில் என் விரல்களே மரத்துப்போயின. இறங்கியவுடன், "இனிமேல் உன் பின்னால் உட்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். இரண்டாண்டு காலம் அச்சொல்லைக் காப்பாற்றவும் செய்தேன். அப்படிப்பட்டவன் ஒருநாள் வந்து, "மாமா, ரேஸ் லைசென்ஸ் எடுக்கப் போறேன். அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றபோது எனக்கு உண்டான கோபத்தை விவரிக்க வேண்டியதில்லை. ஆயினும், தடுத்தால் இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் ஓட்டுவானே என்ற அச்சம் அந்தக் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் நானும் உடன் வருவேன் என்ற நிபந்தனையின்பேரில் தங்கையைச் சம்மதிக்கச் செய்தேன்.

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது தொலைக்காட்சியில் காணும் உலகப் பந்தயமே. மணிக்கு முந்நூறு கிலோமீட்டரைத் தாண்டும் வேகம், கோடிக்கணக்கில் புரளும் பணம், வண்டி ஒன்றுக்குப் பத்துப் பேர் பணிவிடை ஆகியவை சேர்ந்தது அது. அது கோபுரத்தின் கலசம். அக்கலசத்தைத் தாங்கி நிற்கும் அஸ்திவாரமோ உலகமெங்கும் கிளப் பந்தயம் என்று வழங்குகிறது. வாரம் முழுவதும் அலுவலகத்திலும் பட்டறையிலும் கடையிலும் உழைக்கின்ற சாதாரண மனிதர்கள், தங்கள் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, தங்களைப் போன்றவர்களே கூடி நடத்தும் ஒரு சங்கத்தின் ஆதரவில், விடுமுறை நாளில் பந்தயம் ஓட்டுவதே அது. இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளம் 1907-இல் திறக்கப்பட்ட இரண்டே ஆண்டுகளில், 1909-இல், மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் தமக்கென்று ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். அச்சங்கம் இன்றைக்கும் அந்நாட்டில் பந்தயங்களை நடத்தி வருகிறது.

நம் நாட்டில் இந்த வித்தை வேரூன்றிய மண் தமிழ்நாடே என்பதை நம்மில் பலர் அறியோம். இரண்டாம் உலகப் போரின்போது சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் விமானங்களுக்காக அமைத்த ஓடுதளம், போர் முடிந்தபின் பயனற்றுக் கிடந்தது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தக் காங்கிரீட் தளத்தைப் பந்தயக் களமாக்கியது. யுத்தத்துக்காக இட்ட பாதை விளையாட்டுக்கு உரியதாகி, ஆண்டுதோறும் பெருங்கூட்டம் கூடும் திருவிழாவைப் போலச் சோழவரம் பந்தயம் பிரசித்தி பெற்றது. அந்த இரைச்சலையும் புழுதியையும் இன்றும் கண்கள் விரியச் சொல்லும் முதியவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். இரவல் இடத்தில் எத்தனை காலம் ஓட்டுவது என்று எண்ணிய அச்சங்கத்தார் தமக்கென்று நிலம் தேடி அமைத்ததே இருங்காட்டுக்கோட்டைத் தளம். பின்னர் 2003-இல் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் மற்றொரு தளம் தோன்றியது. இந்தியாவிலேயே பந்தயக் கார்களை உருவாக்கிக் காட்டி, 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவர்தன் என்பவரின் நினைவாக அதற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் சூட்டினார்கள். தில்லிக்கருகே கிரேட்டர் நொய்டாவில் உலகத் தரத்தில் புத்தர் பெயரால் ஒரு தளம் எழுந்ததோ 2011-இல்தான். அதற்கு முந்தைய பல பத்தாண்டுகள் இக்கலையை அணையாது காத்தவர்களுள், லாபத்தைக் கருதாத நம் ஊர்ச் சங்கத்தாருக்குத் தலையாய இடம் உண்டு.

பந்தயம் ஓட்ட விரும்புகிறவன் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே தளத்துக்குள் போய்விட முடியாது. அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்ந்து, வகுப்பறையிலும் தளத்திலும் பாடம் கேட்டு, தேறியதற்கான சான்றிதழைப் பெற வேண்டும். அதன்பின் மருத்துவப் பரிசோதனை. இரத்த வகையைக் குறித்துக்கொள்வார்கள். இவை இரண்டும் கையில் இருந்தால்தான் இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் சங்கங்களின் கூட்டமைப்பு பந்தய உரிமத்தை வழங்கும். அவ்வுரிமம் பெற்றவர்களுள் புதியவர்களுக்கென்று நாவிஸ் என்னும் தனிப் பிரிவு இருக்கிறது. நாம் கடைத்தெருவில் காணும் 160 சிசி அளவுள்ள வண்டிகளே அதில் பெரும்பாலும் ஓடுகின்றன; பந்தயமும் ஐந்தாறு சுற்றுகளில் முடிந்துவிடும். பெண்களுக்கும் தனிப் பிரிவு நடக்கிறது. பிரிட்டனில் புதியவர்கள் தங்கள் உடைக்குமேல் செம்மஞ்சள் நிற மேலாடை ஒன்றை அணிந்துகொண்டுதான் ஓட்ட வேண்டும். முன்னே போகிறவன் அனுபவம் இல்லாதவன், எச்சரிக்கையாக இரு என்று பின்னால் வருகிறவனுக்கு அது அறிவிக்கிறது. இதைப் பயிற்சிப் பள்ளியில் கேள்விப்பட்டு வந்து சொன்ன என் மருமகன், "நல்லவேளை மாமா, நம்ம ஊர்ல அந்த அவமானம் இல்ல" என்றான். அது அவமானம் அன்று என்பது அவனுக்கு விளங்கக் காலம் சென்றது.

பந்தயத்துக்கு முன்பு வண்டியைப் பரிசோதிக்கும் சடங்கு ஒன்று உண்டு. ஸ்குருட்டினி என்று அதைச் சொல்கிறார்கள். முதன்முறை அதைப் பார்த்தபோது, ஓட்டுகிறவனுடைய உயிரைக் காப்பதற்காகவே அவ்வளவும் செய்கிறார்கள் என்று எண்ணினேன். அருகில் நின்ற பெரியவர் ஒருவர் பொறுமையோடு விளக்கியபோதுதான் உண்மை தெரிந்தது. பக்கக் கண்ணாடியையும் முகப்பு விளக்கையும் ஸ்டாண்டையும் கழற்றச் செய்வது எதற்காக? கண்ணாடித் துண்டும் இரும்பும் சிதறி மற்றவர்களுடைய பாதையில் கிடக்கக் கூடாது என்பதற்காக. எஞ்சினிலிருந்து எண்ணெயை வடிக்கும் திருகில் ஓட்டை போட்டு மெல்லிய கம்பியால் இழுத்துக் கட்டுவது எதற்காக? அதிர்ச்சியில் அத்திருகு கழன்று எண்ணெய் ஒழுகினால், பின்னால் வருகிறவர்கள் வரிசையாக விழுவார்கள் என்பதற்காக. எஞ்சின் உடைந்து எண்ணெய் கொட்டினாலும் அதை ஏந்திக்கொள்வதற்கு அடியில் தொட்டி போன்ற தகட்டைப் பொருத்துவதும், ரேடியேட்டர் உள்ள வண்டியில் வழுக்கும் தன்மையுள்ள கூலண்டை நீக்கி வெறுந்தண்ணீரை ஊற்றுவதும் அதே காரணத்தினால்தான். லெதர் சூட், கையுறை, முதுகுக் காப்பு, ஹெல்மெட் ஆகியவை ஓட்டுகிறவனைக் காப்பவை. வண்டியில் செய்யும் இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை பிறனைக் காப்பவை. என் மருமகன் ஒரு திருகுக்குக் கம்பி கட்ட மறந்திருந்தான். பரிசோதகர் கடிந்து பேசவில்லை; "கட்டிட்டு வா தம்பி, பின்னாடி வர்றவனுக்கும் வீடு இருக்குல்ல" என்று மட்டும் சொன்னார்.

இனி ஓட்டும் வித்தையைச் சிறிது பார்ப்போம். நேர்ப்பாதையில் வேகமாகப் போவதற்குப் பிரயாசை எதுவும் வேண்டியதில்லை. கைப்பிடியை முறுக்கினால் எவனும் போகலாம். மனிதனுக்கு மனிதன் வேறுபாடு வெளிப்படுவது வளைவில்தான். ஒரு மோட்டார் சைக்கிள் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது டயர் ஒன்றுக்கு ஓர் உள்ளங்கை அகலமே. பிரேக் பிடிப்பதற்கும், திரும்புவதற்கும், முடுக்குவதற்கும் வேண்டிய பிடிமானம் முழுவதும் அந்த உள்ளங்கையளவு ரப்பரிலிருந்தே கிடைக்க வேண்டும். ஏறத்தாழ 80 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறவன் 45 பாகை அளவுக்குச் சாய்ந்தாக வேண்டும். அப்போது பூமியின் ஆகர்ஷணம் அவனைக் கீழ்நோக்கி இழுப்பதற்குச் சமமான விசை பக்கவாட்டிலும் டயரின்மீது செயற்படுகிறது. ஓட்டுகிறவன் இருக்கையிலிருந்து நழுவி வளைவின் உட்புறமாகத் தன் உடலைத் தொங்கவிடுவது வேடிக்கை காட்டுவதற்காக அன்று. பாரம் உட்பக்கம் நகர்ந்துவிட்டால் அதே வேகத்துக்கு வண்டி அவ்வளவு சாய வேண்டியதில்லை. டயரின் பிடிமானமும் மிச்சமாகும்.

வியப்பு என்னவென்றால், வலப்பக்கம் சாய வேண்டுமானால் ஹேண்டில்பாரின் வலக்கைப் பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். ஒரு கணம் முன்சக்கரம் இடப்பக்கம் திரும்ப, வண்டி வலப்பக்கம் சாய்ந்து அவ்வழியே செல்கிறது. சைக்கிள் ஓட்டும் சிறுவனும் அறியாமலே இதைச் செய்கிறான். பந்தயக்காரன் அறிந்து செய்ய வேண்டும். இன்னொன்று, வண்டி கண் போகும் இடத்துக்குப் போகும் என்பது. பள்ளத்தைப் பார்த்து அஞ்சுகிறவன் பள்ளத்திலேயே போய் இறங்குகிறான். வளைவின் முடிவைப் பார்க்கிறவன் அதை அடைகிறான். வேகம் இரண்டு மடங்கானால் வண்டியை நிறுத்தத் தேவையான தூரம் நான்கு மடங்காகிறது என்பதும் அங்கே சொல்லித் தரும் பாடங்களில் ஒன்று. ஆதலால் பிரேக்கை எந்த இடத்தில் பிடிக்கிறோம் என்பதில் காட்டும் கிரமம், எவ்வளவு முறுக்குகிறோம் என்பதைவிட முக்கியமாகிவிடுகிறது. வளைவின் வெளியோரத்திலிருந்து புறப்பட்டு, ஏபெக்ஸ் என்னும் உட்புள்ளியை உரசி, மீண்டும் வெளியோரத்தில் போய்ச் சேரும் ஒரு கோடு ஒவ்வொரு வளைவுக்கும் இருக்கிறது. அக்கோட்டின்மீது சுற்றுக்குச் சுற்று மாறாமல் செல்வதே சாதகம். சங்கீதம் பயில்கிறவன் சரளிவரிசையைத் திரும்பத் திரும்பப் பாடுவது போலத்தான் இதுவும்.

முதற் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் என் மருமகனுக்கு ஒரு பேரிடி காத்திருந்தது. தன்னை மிகவும் வேகமானவன் என்று நம்பி வந்தவனுக்கு, முன்னணியில் நின்றவனுடைய சுற்றுக்காலத்தைவிடத் தன்னுடையது பதினான்கு வினாடி அதிகம் என்று காகிதம் சொல்லியது. சாலையில் எதிர்ப்படும் எவனையும் முந்திவிட்டு மகிழலாம். அவன் போட்டிக்கு வந்தவன்தானா என்பதைக் கேட்பார் இல்லை. தளத்திலோ ஒவ்வொரு வண்டியிலும் பொருத்திய சிறு கருவி ஒன்று, வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாகக் காலத்தைக் குறித்துவிடுகிறது. அந்தக் காகிதத்தோடு வாதாட முடியாது. அன்று மாலைவரை அவன் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் பந்தயத்தில் அவன் செய்த பிழையே இப்பருவத்தின் திருப்பம் என்று நான் கருதுகிறேன். தளம் நெடுகிலும் மார்ஷல்கள் என்னும் தொண்டர்கள் கொடிகளோடு நிற்கிறார்கள். ஹெல்மெட்டும் இரைச்சலும் செவியை அடைத்துவிட்டவனுக்குக் கொடியே மொழி. சிவப்புக் கொடி பந்தயத்தை நிறுத்தும். நீலக் கொடி, உன்னைவிட வேகமானவன் பின்னால் வருகிறான் என்று அறிவிக்கும். மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடி, முன்னே தரை வழுக்கும் என்பதற்கு அடையாளம். செம்மஞ்சள் வட்டம் பொறித்த கருப்புக் கொடி உன் எண்ணோடு காட்டப்பட்டால், உன் வண்டியில் கோளாறு, உடனே தளத்தை விட்டு வெளியேறு என்று பொருள். இவை எல்லாவற்றிலும் புனிதமானது மஞ்சள் கொடி. யாரோ விழுந்து கிடக்கிறார்கள், வேகத்தைக் குறை, எவரையும் முந்தாதே என்பது அதன் கட்டளை. அப்படி மஞ்சள் கொடி அசைந்துகொண்டிருந்த வளைவில், முன்னே போனவன் வேகத்தைக் குறைத்தான். அந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தி என் மருமகன் அவனை முந்திவிட்டான். பந்தயம் முடிந்தபின் அவனுடைய காலத்தோடு பத்து வினாடியை அபராதமாகச் சேர்த்து, கடைசிக்கு முந்தைய இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே மாமா, இதுக்குப் போயா?" என்று அவன் கொதித்தான். அக்கேள்விக்கு அப்போது என்னிடத்திலும் விடை இருக்கவில்லை.

விடை மூன்றாவது பந்தயத்தில் வந்தது. இரண்டாவது சுற்றில் ஒரு வளைவுக்குள் நுழையும்போது முன்சக்கரம் பிடிமானம் இழந்து நழுவ, வண்டியும் அவனும் தனித்தனியே தரையில் சறுக்கிச் சென்றார்கள். லோ சைடு என்று இவ்வகை வீழ்ச்சியைச் சொல்கிறார்கள். பின்சக்கரம் நழுவிச் சட்டென்று மீண்டும் பிடித்து, ஓட்டுகிறவனை மேலே தூக்கி எறியும் ஹை சைடு என்பதைவிட இது எவ்வளவோ சாதுவானது என்பதை அறியாத நான், வேலிக்கு இப்பால் கல்லாய்ச் சமைந்து நின்றேன். அவன் விழுந்த சில விநாடிக்குள் மஞ்சள் கொடி அசைந்தது. இரண்டு மார்ஷல்கள் ஓடினார்கள், பந்தயம் நின்றுவிடவில்லை, பதினைந்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அதே வளைவை நோக்கி வந்துகொண்டிருந்தன. அந்த இளைஞர்கள் இருவரும் வரும் வண்டிகளுக்கு முகங்கொடுத்தபடி, அவனுக்கும் தளத்துக்கும் நடுவே நின்றார்கள். வந்த வண்டிகள் ஒவ்வொன்றும் வேகம் தணிந்து, ஒன்றை ஒன்று முந்தாமல், வரிசையாகக் கடந்து சென்றன. லெதர் சூட்டின் முழங்கைப் பக்கம் தேய்ந்து வெளுத்திருந்ததே தவிர அவன் தேகத்தில் ஒரு கீறலும் இல்லை. அன்றிரவு நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "தரையில கிடந்தப்போ மாமா, எனக்கு அந்த மஞ்சள் கொடி ஒண்ணுதான் தெரிஞ்சுது" என்றான். தன் அபராதத்தைப் பற்றி அதன்பிறகு அவன் வாய்திறக்கவில்லை.

வீழ்ச்சியில் அவனுடைய கிளட்ச் லீவரும் ஒரு பக்கத்து ஃபுட்ரெஸ்டும் ஒடிந்துபோயின. அன்று மாலையே மற்றொரு பந்தயம் இருந்தது. அவனிடம் மாற்று உதிரி இல்லை. பக்கத்துக் கொட்டகையில் இருந்தவர் புள்ளிக் கணக்கில் இவனுக்கு ஒரே ஒரு படி கீழே இருந்தவர். இவன் ஓடாமற்போனால் லாபம் அவருக்குத்தான். அவர் தன் பெட்டியைத் திறந்து இரண்டு உதிரிகளையும் எடுத்துக் கொடுத்தது மாத்திரமன்றி, ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு தானே பொருத்தவும் உட்கார்ந்தார். இதை அவர் பெருந்தன்மையாகக் கருதவில்லை. அங்கே இருந்த எவரும் அப்படிக் கருதவில்லை. ஓட்டுவதற்கு ஆள் இருந்தால்தானே பந்தயம் என்பதே அவர்களுடைய சம்பிரதாயம். வெல்ல வேண்டும் என்ற தாகமும், தோற்கடிக்க வேண்டியவன் நலமாகத் தளத்தில் நிற்க வேண்டும் என்ற அக்கறையும் ஓர் உள்ளத்தில் முரணின்றிக் குடியிருக்க முடியும் என்பதை அன்று நேரிற் கண்டேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அபாயத்தை மறைப்பது தர்மம் அன்று. விதிகளையும் கவசங்களையும் மீறி இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. 2023-ஆம் ஆண்டிலும் அத்துயரம் நேர்ந்தது. பந்தயத்துக்கு இறங்குகிறவனும் அவனை அனுப்பும் குடும்பமும் இதை அறிந்தே முடிவுசெய்ய வேண்டும். செலவும் சிறிதன்று. நல்ல லெதர் சூட்டும் ஹெல்மெட்டும் பூட்ஸும் சேர்ந்து பல பதினாயிரம் ரூபாயை விழுங்கும். நுழைவுக் கட்டணம், டயர், பிரேக் கட்டை, வண்டியை ஏற்றிச் செல்லும் வாடகை ஆகியவை பந்தயத்துக்குப் பந்தயம் வந்து நிற்கும். என் மருமகன் ஓராண்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் இதில் கரைந்தது. கம்பெனிகள் தம் வண்டிகளைக் கொடுத்து நடத்தும் ஒரே வகை வண்டிப் பந்தயங்கள், வசதியற்ற இளைஞர்களுக்கு இச்சுமையை ஓரளவு இறக்கி வைக்கின்றன.

இந்தச் சிறிய தொடக்கங்களிலிருந்து பெரிய பயணங்கள் புறப்பட்டதும் உண்டு. சென்னையின் ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் போன்றவர்கள் தேசிய சாம்பியன் பட்டத்தை மீண்டும் மீண்டும் வென்றவர்கள். சென்னையைச் சேர்ந்த சரத்குமார் 2011-இல் உலகப் பந்தயத் தொடரின் 125 சிசி பிரிவில் இறங்கி, அவ்வரங்கில் கால்வைத்த முதல் இந்தியரானார். பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் கரடுமுரடான பாதைகளில் நடக்கும் பாஹா உலகக் கோப்பையைப் பெண்கள் பிரிவில் வென்றார். ஆயினும் இப்பெயர்களைச் சொல்லி இளைஞர்களுக்கு ஆசை காட்டுவது என் நோக்கம் அன்று. நாவிஸ் பிரிவில் இறங்கும் நூறு பேரில் எத்தனை பேர் அவ்வுயரத்தை எட்டப் போகிறார்கள்? எட்டாத மற்றவர்களுக்கு இந்த வித்தை என்ன தருகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குரிய விடையை எனக்கு அளித்தது ஐந்தாவது பந்தயம்.

அக்டோபர் மாதத்துப் புழுக்கமான ஞாயிற்றுக்கிழமை அது. மேற்கே மேகம் கறுத்திருந்தது. பருவத்தின் தொடக்கத்தில் பதினான்கு வினாடியாக இருந்த இடைவெளி ஐந்து வினாடியாகக் குறைந்திருந்தது. அதற்கு அவன் அதிகமாக முறுக்கியது காரணம் அன்று. ஒவ்வொரு வளைவிலும் ஒரே இடத்தில் பிரேக் பிடித்து, ஒரே கோட்டில் சாய்ந்து, ஒரே இடத்தில் நிமிரக் கற்றுக்கொண்டதே காரணம். சிவப்பு விளக்குகள் அணைந்தன. இருபத்திரண்டு வண்டிகள் ஒரே வீச்சாகச் சி-1 என்று அவர்கள் அழைக்கும் முதல் வளைவுக்குள் பாய்ந்தன. முதற் பந்தயத்தில் அக்காட்சியைக் கண்டு கண்ணை மூடிக்கொண்ட நான், இம்முறை ஒவ்வொருவரும் மற்றவனுக்கு ஒரு வண்டி அகலம் இடம் விட்டுச் சாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பையனை மூன்று சுற்றுகளாகத் தொடர்ந்து வந்த ஒருவர், நான்காவது சுற்றில் வளைவு ஒன்றின் உட்பக்கமாக நுழைந்து, தோளோடு தோள் உரசும் நெருக்கத்தில் அவனைத் தாண்டிச் சென்றார். எங்கள் பையன் ஒன்பதாவதாக முடித்தான். கோப்பையும் இல்லை, மேடையும் இல்லை.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவனைத் தாண்டிச் சென்றவர் எங்களைத் தேடி வந்தார். நாற்பது வயது இருக்கும். இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை. அவருக்கும் இது முதற் பருவமே. அவனுடைய கையைப் பற்றிக்கொண்டு, "தம்பி, மூணு லேப் உன் பின்னாடியே வந்தேன். நீ எங்க பிரேக் புடிப்பே, எங்க சாய்வேன்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அதனாலதான் தைரியமா பக்கத்துல வந்தேன். உன்னை நம்பி ஓட்டலாம்" என்றார். வேகமாக ஓட்டினாய் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பையனுடைய முகத்தில் அந்த ஐந்து மாதத்தில் நான் காணாத நிறைவு ஒன்று தோன்றியது.

முதற் பருவத்தில் ஒருவன் அடையத்தக்க பெரும்பேறு அதுவே என்று எண்ணுகிறேன். 45 பாகை சாய்ந்து செல்கிறவனுக்கு ஒரு முழ தூரத்தில் மற்றொருவன் சாய்ந்து வருகிறான் என்றால், இருவர் உயிரும் இருவர் விவேகத்தையும் பற்றிக்கொண்டிருக்கிறது. திருகில் கட்டிய கம்பி, அசையும் கொடிக்குப் பணிதல், மாறாத கோடு ஆகிய எல்லாம் சேர்ந்து, பிறர் தன்னை நம்பி ஓட்டத்தக்க ஒருவனாக அவனைப் பக்குவப்படுத்துகின்றன. வேகம் அந்தப் பக்குவத்துக்குப் பின்னால் தானே வருகிறது. நம் சாலைகளில் இரவில் உயிரைப் பணயம் வைக்கும் பிள்ளைகளை வைது பயனில்லை. அவர்களுடைய ஆசைக்கு ஒரு தளமும், ஒரு கொடியும், கண்டிப்பும் கனிவும் உள்ள ஒரு சங்கமும் எட்டும் தொலைவில் இருக்குமானால், அவர்களுள் பலர் நெடுஞ்சாலையை விட்டு அங்கே வந்துவிடுவார்கள். மாவட்டத்துக்கு ஒரு நீச்சற்குளம் வேண்டும் என்று கேட்கிறோம். சிறியதாயினும் இத்தகைய தளங்களையும் நாம் கேட்க வேண்டும்.

பந்தய வண்டியை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டுப் புறப்படும்போது மணி ஆறாகிவிட்டது. அவனுடைய சொந்த வண்டி வாயிலில் நின்றது. "மாமா, பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடட்டுமா?" என்று தயங்கிக் கேட்டான். நான் பதில் சொல்லாமல் அவனிடமிருந்த மற்றொரு ஹெல்மெட்டை வாங்கி அணிந்துகொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன். நெடுஞ்சாலையில் லாரிகள் அணிவகுத்துச் சென்றன. சந்துகள் பல தென்பட்டன. ஒன்றிலும் அவன் நுழையவில்லை. முன்னே செல்லும் வண்டிக்குப் போதிய இடம் விட்டு, தடம் மாறுவதற்கு வெகு முன்னதாகவே விளக்கைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, பின்னால் வருகிறவனுக்குத் தன் கருத்தைத் தெரிவித்துவிட்டே நகர்ந்தான். செம்பரம்பாக்கத்தைத் தாண்டும்போது மழை தூறியது. பூந்தமல்லியில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான், வழி முழுவதும் நான் அவன் தோளைப் பற்றவே இல்லை என்பது என் நினைவுக்கு வந்தது.